ஹைஃபா எங்கே போனது?

டின்டின் சித்திரக்கதைகளை விறுவிறுப்புக்காகவே வாசிக்கிறோம். கதை நடக்கும் ஊர் உண்மையானதா என்று யார் கேட்கிறார்கள்?

பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் ‘கறுப்புத் தங்க நாடு’ 1950இல் நூலாக வந்தபோது, டின்டின் கப்பலில் போய்ச் சேர்ந்த இடம் பிரித்தானியர் ஆண்ட பலஸ்தீன். ஹைஃபாவில் பிரித்தானியர் அவனைக் கைதுசெய்கிறார்கள். தங்கள் ஆள் என்று எண்ணி யூத ஆயுதக்குழுவொன்று அவனைக் கடத்துகிறது.

இன்று நம் கைக்குக் கிடைப்பதோ 1971ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆங்கிலப் பதிப்பகம் கேட்டதற்கிணங்க ஹெர்ஜே பக்கங்களை மாற்றி வரைந்தார். ஹைஃபா போய், கெமெத் என்ற கற்பனை நாட்டுத் துறைமுகம் வந்தது. பிரித்தானியச் சிப்பாய்களும் இல்லை, யூதக் குழுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், முன்பு வெறும் கிறுக்கலாயிருந்த அரபு எழுத்துகள் இந்தப் பதிப்பில்தான் உண்மையான அரபாயின. எழுத்தைத் திருத்திவிட்டு ஊரை அழித்திருக்கிறார்கள்!

அது பழைய அரசியல், சிறுவருக்கு விளங்காது என்று காரணம் சொல்லலாம். எனக்கு அது ஏற்புடையதல்ல. கதையை மாற்றியது ஓவியரின் உரிமை. மாற்றியதை மறைப்பதுதான் பிழை. முதற்பக்கத்தில் இரண்டு வரி அச்சிட்டால் போதும். அதுவரை, தம்பி தங்கையருக்கு இந்நூலை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், தேசப்படத்தில் ஹைஃபாவையும் தொட்டுக் காட்டுங்கள்.