தூசிக்குச் சாதி உண்டு

"காற்று எல்லோருக்கும் பொது" என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள். அரியலூர் சிமென்ட் ஆலைப் புகைபோக்கிக்கு வடிகட்டி உண்டு, அளவுமானி உண்டு. சுண்ணாம்புக்கல் ஏற்றித் தார்ப்பாய் மூடாமல் பறக்கும் லாரிக்கு எந்த வடிகட்டி? அது தூசி கிளப்பும் சாலையோரச் சேரியில் எந்த அளவுமானி?

பெரம்பலூர் குவாரிகளில் ஜல்லி உடைக்கும் நம் மக்களின் மூச்சில் போவது சிலிக்கா. அது தரும் சிலிகோசிஸ் நுரையீரலைத் தழும்பாக்கும், குணமாகாது. தண்ணீர் தெளித்து உடைத்தாலே தூசி பெருமளவு அடங்கும். தண்ணீருக்குமா பஞ்சம்? சட்டப்படி இது கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய். ஒப்பந்தக் கூலியின் பெயரே பதிவேட்டில் இல்லையென்றால் யாருடைய நோயை அறிவிப்பார்கள்?

கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம் நுண்துகளே வரம்பு என்றது உலக சுகாதார நிறுவனம், 2021இல். இந்தியா 2009இல் வைத்தது 40. (அதையும் சேரிக்குள் அளந்தால்தானே!)

சேரியில் அளவுமானி, லாரிக்குத் தார்ப்பாய், ஒப்பந்தக் கூலிக்கும் மார்பு எக்ஸ்ரே. அடுத்த கிராமசபையில் தீர்மானமாக எழுத வைப்போம், தோழர்களே.