கள்ளிக்கும் ஜாதி உண்டு

கள்ளியிலும் உயர்ந்தது தாழ்ந்தது உண்டென்று எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது.

என் நண்பர் சென்னையில் மொட்டை மாடியில் டிராகன் பழம் வளர்க்கிறார். அதுவும் கள்ளிதான். ஓர் இரவு பத்து மணிக்குமேல் அழைத்துப் போய், அது பூப்பதைக் காட்டினார். ஒரு சாணுக்கு மேல் நீளமான வெள்ளைப் பூ. வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். அதன் சொந்த நாட்டில் அந்துப்பூச்சியும் வௌவாலும் மகரந்தம் சேர்க்கும். இங்கே நண்பரே தூரிகையும் கையுமாக அந்த வேலையைப் பார்த்தார். அழகுதான், நான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் குடும்பத்தோடு பொன்னேரியில் ரயிலிறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனோம். கடலோர மணல்மேட்டில் சப்பாத்திக்கள்ளி பழுத்துக் கிடந்தது. மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் ஒரு பழத்தைப் பறித்து, மணலில் புரட்டித் தேய்த்து, உள்ளிருந்த நட்சத்திர முள்ளையும் கிள்ளி எறிந்து, நண்பரின் பேரனிடம் நீட்டினான்.

"முள்ளு போயிடுச்சி, துன்னு!"

பேரன் வாயெல்லாம் சிவப்பு. நண்பர் பதறிவிட்டார்: "டேய், துப்புடா! கண்டதுகள் தின்கிறதையெல்லாம் நீ தின்பதா?"

இன்னொரு பழத்தோடு நீண்ட கையைப் பையன் மெள்ள இழுத்துக்கொண்டான்.

இது நம் நாட்டுப் பழம், அது அந்நியம் என்று சுதேசி வாதம் பேச நான் வரவில்லை. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை; ஒரே குடும்பம். சாயப்பூச்சி வளர்க்க ஆசைப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். பின்னால் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டு நிலங்களில் மண்டித் தொல்லை கொடுத்ததும் உண்மை. 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியை வரவழைத்துத்தான் அதை அடக்கினார்கள். ஆனால் நண்பர் முகம் சுளித்தது இந்தச் சரித்திரத்தை நினைத்தா? இல்லை, பழத்தை நீட்டிய கையைப் பார்த்து.

டிராகன் என்ற பெயரில் சீன வாடை அடிக்கிறதென்று 2021இல் குஜராத் அரசு அதற்குக் 'கமலம்' என்று பெயர் சூட்டியது. கள்ளி தாமரையாகிவிட்டது! சப்பாத்திக்கள்ளியின் பங்காளிப் பழமொன்று சிஸிலியில் சந்தைச் சரக்கு; அங்கே அதற்குப் பெயர் 'இந்திய அத்தி'. இந்தியாவிலோ அது கண்டதுகளின் தீனி. காசு கொடுத்து வாங்கினால் பழம். ஏழைப் பிள்ளை இனாமாகத் தந்தால் விஷம். இதுதானே நம் நாகரிகம்?

நண்பரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நானும் பக்கத்தில் வாயடைத்துத்தான் நின்றேன். கதைகளில் ஏழைகளுக்காகப் பக்கம் பக்கமாக உருகுகிற எனக்கு, அந்தப் பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொள்ளக் கை நீளவில்லை.

திரும்பும்போது ரயிலில் பேரன் சிவந்த நாக்கை நீட்டிக் காட்டி, "தாத்தா, இன்னொண்ணு எப்போ?" என்று கேட்டான். நாங்கள் இருவருமே பதில் சொல்லவில்லை.