விலங்கைப் பார்த்து வார்த்த வெண்கலம்

கோயில் வாகனங்களிலும் தேர்ச் சிற்பங்களிலும் நமக்கு விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை முன்பு செய்த உருவைப் பார்த்துச் செய்தவை. உயிருள்ள விலங்கை உற்றுப் பார்த்து வெண்கலத்தில் வார்ப்பது, பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் வரைந்து பழகிய பிரெஞ்சுச் சிற்பி பாரி போன்றோர் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்த மேலை மரபு, நமக்கு ஒட்டாது என்று சொல்வோர் உண்டு. ஆதிச்சநல்லூர் அதை மறுக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள அந்த ஈமக்காட்டில் அலெக்சாண்டர் ரீ 1899க்கும் 1905க்கும் இடையில் அகழ்ந்தெடுத்த வெண்கலங்களில் எருமை, ஆடு, சேவல் ஆகிய வீட்டு உயிர்களோடு புலி, மான், யானை, பறக்கும் பறவை ஆகியனவும் உள்ளன. கல மூடியில் நிற்கும் எருமை சிறியதுதான். ஆயினும் அகன்று வளைந்த அதன் கொம்பைக் கண்டவர் வேறெந்த மாடென்றும் மயங்கார். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டைப் புதைகுழியில் முத்திரையை விட்டுச்சென்ற பெருங்கற்காலப் பண்பாட்டுக்கு ஆதிச்சநல்லூர் உறவு.

சிற்பநூலின் தாலமானம் இருக்கக் கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தாலக் கணக்கு திருமேனியின் அளவைச் சொல்லும். விலங்கு காலை ஊன்றும்போது தோளில் பாரம் எப்படி இறங்குகிறது என்று சொல்லாது. வழிபாட்டு உருவை மாற்றும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் வழிபாட்டுக்கும் கூர்ந்த பார்வைக்கும் பகையில்லை. இலங்கையின் தெதிகமவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு வெண்கல விளக்கில் யானையின் உடலே எண்ணெய்க் கலம். அகலில் எண்ணெய் குறையக் குறைய அதுவே வடிந்து நிரப்பும். வார்ப்பு முறையும் பார்வையையே கோருகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிடித்த கருவின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் உலோகம் பாய்கிறது. பிறகு உளி மெருகூட்டலாம். விலங்கு நிற்கும் நிலையை மாற்ற முடியாது.

புகைப்படம் போதாதா என்பது அடுத்த கேள்வி. கமெரா ஒரு பக்கத்தைத்தான் தரும். சிற்பத்தைச் சுற்றிவருபவருக்கு மற்றப் பக்கங்களும் வேண்டும். சுண்டிக்குளத்துக்கு வரும் பூநாரை அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டுத் துழாவி மேய்கிறது. பின்னோக்கி மடங்கும் முழங்காலாகத் தெரிவது உண்மையில் அதன் கணுக்கால். இதை அறியாமல் செய்த பூநாரை கொக்காகிவிடும். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்தவை கட்டற்று மேய்கின்றன. கோடையில் நீர் வற்றும்போது அவற்றின் விலா எலும்பு துருத்துவதை எந்தக் குதிரை வாகனத்திலும் காண முடியாது. வெண்கலம் விலை கூடியதுதான். களிமண்ணும் பென்சிலும் மலிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயில்வோர் ஒரு பருவத்தையேனும் இந்த வெளிகளில் வரைந்து பழகுவதைப் பாடத்திட்டமே கட்டாயமாக்க வேண்டும். வார்ப்புக்குப் பணம் கிடைக்கும் நாளில், வார்க்கத் தகுந்த உரு நம் கையில் இருக்க வேண்டுமே.