ரொமேரோவின் பட்டியல்

சென்ற மாதச் சந்திப்பில் நண்பர் ஒருவர், ஆர்ச்பிஷப் ஆஸ்கார் ரொமேரோவின் பிரசங்கங்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்: 'பாதி வெறும் பட்டியல். அந்தத் தனிமனிதனின் தைரியம்தான் கவிதை.' யாரும் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதனால் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

1977 பிப்ரவரியில், எல் ஸால்வடார் நாட்டின் தலைநகரில் ஆர்ச்பிஷப் பதவியேற்றபோது ரொமேரோ புத்தகமும் ஜெபமுமாக இருந்த பழமைவாதி. வம்புக்கு வரமாட்டார் என்று நிலச்சுவான்தார்கள் நம்பினார்கள். மார்ச் 12இல் அவருடைய நண்பர், ஏழை விவசாயிகளிடையே வேலைசெய்த பாதிரியார் ருட்டீலியோ கிராண்டே, உடன் வந்த கிழவரோடும் பையனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்ச் 20, ஞாயிறன்று ரொமேரோ மறைமாவட்டத்தின் மற்றப் பூசைகளையெல்லாம் நிறுத்திவிட்டுக் கதீட்ரலில் ஒரே பூசை வைத்தார். தைரியம் அவருக்குள்ளிருந்து ஊற்றெடுக்கவில்லை; செத்தவர்களும் கூடிநின்றவர்களும் கொடுத்தது அது.

பிறகு வந்தது பட்டியல். காணாமற்போன பிள்ளைகளைத் தேடிவந்த தாய்மார்கள் சொன்னதைச் சட்ட உதவி அலுவலகத்து வக்கீல்கள் விசாரித்துக் குறித்தார்கள். ஞாயிறு பிரசங்கத்தில் அந்தப் பெயர்கள் ஊர், தேதியோடு ஒய்.எஸ்.ஏ.எக்ஸ். வானொலியில் ஒலித்தன. நிலையத்துக்குக் குண்டு வைத்தார்கள். நண்பருக்கு அலுப்புத் தட்டிய பட்டியலின் மதிப்பு குண்டு வைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேரேட்டில் ஒரு பதிவு விட்டுப்போனால் கணக்கு நேராகாது; என் பிழைப்பு கற்றுத்தந்த ஒரே பாடம். கொன்றவர்களுக்கு வேண்டியதோ பதிவு விட்டுப்போவதுதான்.

1980 மார்ச் 23 அன்று, கொல்லச் சொல்லும் உத்தரவுக்குப் பணிய வேண்டாம் என்று சிப்பாய்களிடம் சொன்னார். மறுநாள் மாலை, ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் பூசை செய்துகொண்டிருக்கையில் சுடப்பட்டார். 2018இல் ரோம் அவரைப் புனிதராக்கியது. அவரை மட்டும் உயரத்தில் வைத்துக் கும்பிட்டால் நண்பர் செய்த தவறைத்தான் பக்தர்களும் செய்வார்கள்.

பட்டியலெல்லாம் கவிதை என்று நான் சொல்லவில்லை. முற்போக்கு அணியினர் இதைக் கொடியாக்கிக்கொள்ள வேண்டாம். எனக்குக் கிறிஸ்துவ விசுவாசமும் கிடையாது. விசுவாசம் என்பது மனசுக்குள் நடக்கும் அந்தரங்கம் என்றே எண்ணியிருந்தேன். 'தனிமனிதப் பிரக்ஞை' என்று நாம் ஓயாமல் சொல்லிவரும் மந்திரத்துக்கு அது வசதியாக இருந்தது. ரொமேரோவின் விசுவாசம் தெருவில், வக்கீல் மேஜையில், அடுத்த வீட்டு ரேடியோவில் நடந்திருக்கிறது.

நண்பர் பதில் எழுதலாம். அதற்குமுன் ஏதாவதொரு பிரசங்கத்தை, ஒரு பெயரையும் விடாமல், உரக்கப் படிக்கட்டும்.