எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள்?

டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேர்ந்து, காரியவட்டத்திலோ ஸ்ரீகாரியத்திலோ வாடகைக்கு அறை பிடித்தவர்கள் முதலில் வாங்கும் பெரிய சாமான் மெத்தைதான். கழக்கூட்டத்தில் நான் வேலை பார்க்கும் கடைக்கு அப்படி வருபவர்களில் நிறையப் பேர் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள். நான் குழித்துறைக்காரன் என்பதால் தமிழ் பேசி வருகிறவர்களை முதலாளி என் பக்கம் அனுப்பிவிடுவார். பிள்ளைகளோடு பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ வருவார்கள். பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு ஃபோம் மெத்தைகளைக் காட்டி, "அண்ணாச்சி, இதுல எது நல்லது?" என்று கேட்பார்கள். இரண்டும் ஆறு இன்ச். இரண்டுக்கும் சாம்பல் நிற உறை. விலையில் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். நான் பதில் சொல்லாமல், "எப்படிப் படுப்பீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். அம்மாக்கள்தான் பதில் சொல்வார்கள்: "அவ ஒருக்களிச்சுச் சுருண்டு கெடப்பா." சொன்ன கையோடு மகளைப் பார்த்து, "மக்களே, கட்டியா இருக்கத எடுத்துக்கிடு, அதுதான் முதுகுக்கு நல்லது" என்பார்கள்.

மலையாளிகளும் இதையேதான் சொல்கிறார்கள். "நல்ல ஹார்ட் ஆயது மதி, சேட்டா." கட்டியான மெத்தைதான் நல்ல மெத்தை என்பதில் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே கருத்து. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இது தவறான ஆலோசனை. விற்கும் இடத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒரு மெத்தை வாங்கினால் ஏழெட்டு வருடம் அதில்தான் படுக்கிறோம்.

ஒருக்களித்துப் படுக்கும்போது உடம்பின் எடை தோளிலும் இடுப்பெலும்பிலும் விழுகிறது. அந்த இரண்டு இடமும் மெத்தைக்குள் கொஞ்சம் இறங்கினால்தான் கழுத்திலிருந்து வால் எலும்பு வரை முதுகு நேர்கோட்டில் இருக்கும். மெத்தை விட்டுக்கொடுக்காவிட்டால் தோள் நசுங்கும், கை மரத்துப்போகும், இடையோ தாங்கலில்லாமல் அந்தரத்தில் நிற்கும். மல்லாந்து படுப்பவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு இடுப்புதான் பாரம். அது அதிகம் புதையக் கூடாது, அதே சமயம் இடுப்புக்கு மேலே உள்ள வளைவை மெத்தை தொட்டுத் தாங்க வேண்டும். குப்புறப் படுப்பவருக்குத்தான் உண்மையிலேயே கட்டியான மெத்தை வேண்டும். வயிறும் இடுப்பும் புதைந்தால் முதுகு வில்லாக வளைந்து, காலையில் எழும்போது பிடித்துக்கொள்ளும். அவர்களுக்குத் தலையணையும் மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாமலே இருந்தாலும் நல்லதுதான்.

இதோடு உடம்பின் எடையையும் சேர்க்க வேண்டும். ஐம்பது கிலோ உள்ள பெண்ணுக்குப் பலகையாகத் தெரியும் ஃபோம், தொண்ணூறு கிலோ உள்ளவருக்கு மெத்தென்று இருக்கும். அதனால்தான் நண்பர் சொன்னார், அண்ணன் வாங்கினார் என்று அதே மாடலைக் கேட்டு வருபவர்களிடம், அந்த நண்பர் என்ன எடை, எப்படிப் படுப்பார் என்று விசாரிக்கிறேன்.

கட்டி நல்லது என்ற நம்பிக்கை வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. நம் பக்கத்தில் முந்தைய தலைமுறை படுத்தது இலவம் பஞ்சு மெத்தையில். நாள்பட நாள்பட நடுவில் பள்ளம் விழும், முதுகு வலிக்கும். அதை உதறிவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு நிம்மதி கிடைத்தது. கேரளத்தில் ரப்பர் பால் தெளித்த தென்னைநார் மெத்தை வந்தது. டியூரோஃப்ளெக்ஸ் நிறுவனம் 1963-இல் கயிறுத் தொழிலின் ஊரான ஆலப்புழையில்தான் தொடங்கியது. தென்னைநார் மெத்தை கட்டியானது, எளிதில் அமுங்காது. அந்த அனுபவத்திலிருந்து மெத்தென்று இருப்பதும் பள்ளம் விழுவதும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. ஃபோமில் அவை இரண்டும் வேறு வேறு. மேலே மெத்தென்று இருந்துகொண்டே வருடக்கணக்கில் பள்ளம் விழாத ஃபோம் இருக்கிறது. கல்லாட்டம் இருந்து இரண்டே வருடத்தில் தொய்கிற ஃபோமும் இருக்கிறது.

முதுகுவலிக்காரர்களுக்கே கூட அதிகக் கட்டி நல்லதில்லை என்று ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கட்டியான மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தரக் கட்டியான மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, படுக்கும்போதும் எழும்போதும் இருந்த வலி நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே அதிகம் குறைந்திருந்தது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது இது. இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் கடைகளில் கட்டியான மெத்தைக்கு 'ஆர்த்தோ' என்று பட்டை ஒட்டி விற்கிறோம். அந்தப் பட்டையை ஒட்ட எந்த டாக்டரின் கையெழுத்தும் வேண்டாம்.

அடுத்த குழப்பம் டென்சிட்டி. "40 டென்சிட்டி கொடுங்க, நல்லாக் கட்டியா இருக்கணும்" என்பார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு மட்டுமே. எத்தனை காலம் உழைக்கும் என்பதை ஓரளவு அது சொல்லும். கட்டியா மெத்தா என்பதைச் சொல்லாது. கட்டித்தன்மைக்கு வேறு அளவு: ஃபோமைக் குறிப்பிட்ட ஆழத்துக்கு அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ஆலையில் சோதித்து எழுதிவைக்கிறார்கள். 40 டென்சிட்டியிலேயே மெத்தென்றும் செய்யலாம், கட்டியாகவும் செய்யலாம். அமுக்கிப் பார்த்த அந்த எண் ஆலையோடு நின்றுவிடுகிறது. வாங்குகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை.

டென்சிட்டியைச் சரிபார்க்க ஒரு தராசு போதும். 72-க்கு 60, ஆறு இன்ச் மெத்தை முழுக்க 32 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் பதிமூன்றரை கிலோ வரும். 40 என்றால் 17 கிலோ. உறைக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கனமாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். துண்டு ஃபோமை அரைத்துப் பசையிட்டு அழுத்திய ரீபாண்டட் ஃபோம் இதைவிட இரண்டு மடங்கு கனம். 'ஆர்த்தோ' மெத்தைகள் பலவற்றில் அடியில் கிடப்பது அதுதான். தாங்குவதற்கு அது மோசமில்லை. மேலே இரண்டு இன்ச்சாவது நல்ல மென்ஃபோம் இருந்தால் மல்லாந்து படுப்பவருக்குப் பரவாயில்லை. மேலே ஒரே ஓர் இன்ச் போட்டு ஒருக்களித்துப் படுப்பவரிடம் விற்றால் தோள் நேராக அந்தக் கட்டியில் போய் முட்டும். ஆகவே எத்தனை இன்ச் மெத்தை என்பதோடு, எந்த அடுக்கு எத்தனை இன்ச் என்பதையும் கேளுங்கள்.

மெமரி ஃபோம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், குறிப்பாக இந்த ஊருக்கு. 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கைகளில் வைக்க உருவாக்கிய பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். தோளும் இடுப்பும் இறங்க வேண்டியவருக்கு அருமையானது. ஆனால் சூட்டில் இளகுவது குளிரில் இறுகும். எங்கள் கடையில் ஏசி ஓடுகிறது. இங்கே படுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மெத்தை, மொட்டை மாடிக்குக் கீழே மின்விசிறி மட்டும் உள்ள அறையில் இன்னும் புதையும். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் புதைந்து கிடந்தால் வியர்வைதான். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுப்பவர்களுக்கும் மெமரி ஃபோம் ஒத்துவராது, அது மெதுவாகத்தான் எழும்பும். அப்படிப்பட்டவர்களுக்கு எச்.ஆர். ஃபோமோ லேடெக்ஸோ சொல்கிறேன். அமுக்கிக் கையெடுத்ததும் எழும்பிவிடும். லேடெக்ஸ் விலை கூடுதல். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் விடியற்காலையில் வெட்டும் ரப்பர் பால்தான் அதன் மூலப்பொருள். நம் மண்ணில் விளைவது நம் பிள்ளைகளுக்கு எட்டாத விலையில் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

இங்கே மழைக்காலத்தில் தரையில் நேராக மெத்தையைப் போட்டுப் படுக்கும் பையன்களிடம் ஒரு வார்த்தை: எந்த ஃபோமானாலும் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்ட பலகைக் கட்டில் வாங்க முடியாவிட்டால், காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஆபீஸ் போங்கள்.

கணவன் மனைவி வரும்போதுதான் அதிக நேரம் ஆகிறது. ஒருவர் ஒருக்களித்து, இன்னொருவர் குப்புற. ஒரே மெத்தையில் இருவரையும் சமாளிக்கப் பார்த்தால் இரண்டு பேருக்குமே தூக்கம் கெடும். 72-க்கு 30 அளவில் இரண்டு தனி மெத்தைகள் வாங்கி ஒரே கட்டிலில் சேர்த்துப் போட்டு ஒரே விரிப்பு விரிக்கலாம். இதைச் சொன்னால் சில மாமியார்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தனியாகப் படுப்பவர், அதுவும் எது ஒத்துவரும் என்று தெரியாதவர், ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் கட்டியாகவும் உள்ள திருப்பிப் போடும் மெத்தையை எடுக்கலாம்.

கடைக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்து நிமிடமாவது படுங்கள். மல்லாந்து கைகட்டி அரை நிமிடம் படுத்துவிட்டு எழுந்தால் எதுவும் தெரியாது. கூட வந்தவரைப் பின்னால் நின்று முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் கடையில் படுக்கத் தயங்குகிறார்கள், அது நியாயமான தயக்கம். ஒரு மூலையில் திரை கட்டிவிட்டால் தீரும். எங்கள் கடையில் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இணையத்தில் வாங்குபவர்கள், நூறு இரவு படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று சொல்லும் நிறுவனங்களின் நிபந்தனையை முழுக்கப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கம்பெனிப் பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை. ஸ்லீப்வெல் தயாரிக்கும் ஷீலா ஃபோம், 2023-இல் இன்னொரு மெத்தை நிறுவனமான கர்லானையே வாங்கிவிட்டது. பெயர்கள் ஒரே கூரைக்குள் வந்துகொண்டிருக்கின்றன, மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் வெளியே வருவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் உள்ளே என்ன என்று அச்சடிக்கச் சட்டம் இருக்கிறது. மெத்தையின் உறையிலும் ஒவ்வோர் அடுக்கும் என்ன ஃபோம், எத்தனை இன்ச், என்ன டென்சிட்டி, எவ்வளவு கட்டி என்று அச்சடிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை இந்த நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். தெரியாததை ஆலைக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுகிறேன்.