சாவியைக் கொடுக்கலாம், கணக்கைக் கொடுக்கலாமா?

மட்டாஞ்சேரிக்குத் தரகு புதிதன்று. யூதத் தெருவிலும் பஜார் சாலையிலும் மிளகும் ஏலமும் சுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தரகர் வழியே கைமாறி வந்துள்ளன. விலை பேசி முடிப்பது தரகரின் வேலை. எடையைச் சரிபார்த்துப் பணத்தை எண்ணி வாங்குவது சரக்குக்கு உரியவரின் வேலை. இந்தப் பழைய வணிக ஒழுங்கை வீட்டு வாடகையில் மட்டும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

ஓட்டுக்கூரை வீடொன்றும் அதன் முன்புறம் கடையறை ஒன்றும் முன்னோர் சொத்தாகப் பெற்ற குடும்பங்கள் இங்குப் பல. பிள்ளைகளோ சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். வீட்டை நாமே பார்த்துக்கொள்வதா, முகவரிடம் ஒப்படைப்பதா என்ற வினா அவர்கள் முன் நிற்கிறது.

முதலில் செலவைக் கணக்கிடுவோம். மாத வாடகை 20,000 ரூபாய் என்றும், குடிவைப்பதற்குத் தரகு ஒரு மாத வாடகை என்றும், மேலாண்மைக் கட்டணம் வாடகையில் 10 விழுக்காடு என்றும் கொள்வோம். முதலாண்டில் முகவருக்குச் செல்வது 44,000 ரூபாய். அதாவது இரண்டு மாத வாடகைக்கும் மேல். வருமான வரியில் வீட்டு வாடகைக்குச் சொத்து வரி போக எஞ்சியதில் 30 விழுக்காடு கழிவு உண்டு. செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அக்கழிவு கிடைக்கும். முகவர் கட்டணத்தைத் தனியே கழிக்க இடமில்லை. ஆகவே தாமே பார்த்துக்கொள்பவர்க்கு மிச்சம் மெய்யானது.

ஆயினும் மிச்சம் ஒன்றையே பார்ப்பது அறிவுடைமையாகாது. சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஓடு நழுவும், உத்தரம் நனையும். உப்புக் காற்றில் இரும்புக் கம்பிகள் அரிக்கும். இரவில் ஒழுகும் கூரைக்குத் துபாயிலிருந்து ஆளனுப்ப இயலாது. அருகில் ஒரு நம்பகமான கை தேவை. உறவினரோ அண்டை வீட்டாரோ இல்லாதபோது முகவரை அமர்த்துவதில் தவறில்லை என்பதே நம் கருத்து.

எனினும், மூன்று பொறுப்புகளை எவரிடமும் ஒப்படைக்கலாகாது.

முதலாவது, குடியிருப்பவரைத் தேர்ந்தெடுத்தல். 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்ததனாலேயே ஒருவரை வெளியேற்றிவிட முடியாது. உரிய காரணத்தைக் காட்டி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தின் ஆணை பெறவேண்டும். எளிதில் மாற்ற முடியாத முடிவைத் தரகுக்காக விரைபவரிடம் விடலாமா? தொலைபேசியிலேனும் அவரிடம் நேரே பேசிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கையொப்பம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதினொரு மாத ஒப்பந்தங்கள் பெருகியதற்கு இதுவே காரணம். நேரில் வர இயலாதோர் அதிகாரப் பத்திரம் அளிக்க நேரலாம். அது வாடகைக்கு விடுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் மட்டும் என வரம்பு கட்டியதாக இருக்கட்டும். விற்கவும் அடமானம் வைக்கவும் இடம் தரும் பொதுப் பத்திரம் வேண்டா.

மூன்றாவது, பணம். வாடகையும் முன்பணமும் உரிமையாளரின் வங்கிக் கணக்கிற்கே நேரே வரவேண்டும். முகவரின் கட்டணத்தை அதன்பின் நாம் செலுத்தலாம். வெளிநாடு வாழ் இந்தியர் தம் என்.ஆர்.ஓ. கணக்கில் வாடகையைப் பெறலாம். அவர்களுக்கு வாடகை செலுத்துபவர், தொகை சிறிதாயினும், வரி பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்தக் கடமைப்பட்டவர். பணம் ரொக்கமாக முகவரின் கைக்குப் போகும் இடங்களில் இக்கடமை எளிதில் விடுபட்டுப்போகும்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்? 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் விற்பனைக்குத் துணைநிற்கும் முகவர்களையே பதிவு செய்யச் சொல்கிறது. வாடகைத் தரகர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. எனவே நமக்குள்ள காப்பு, நாம் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே. 2021இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், சொத்து மேலாளரின் கடமைகளை வரையறுக்கிறது: ரசீது தந்து வாடகை பெறுதல், தேவையான பழுதுகளைப் பார்த்தல், வீட்டை அவ்வப்போது பார்வையிடுதல் முதலியன. மாநிலங்கள் சட்டமியற்றினாலன்றி அது நடைமுறைக்கு வாராது. எனினும் முகவருடன் ஒப்பந்தம் எழுதுவோர்க்கு நல்ல முன்மாதிரி. இன்ன தொகைக்கு மேற்பட்ட பழுதுக்கு உரிமையாளரின் முன் ஒப்புதல் வேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் சேர்த்துக்கொள்க.

உள்ளூரில் வாழ்வோர் தாமே பார்த்துக்கொள்வது நன்று. தொலைவில் வாழ்வோர் முகவரின் காலையும் கண்ணையும் கூலிக்குப் பெறலாம். ஆனால் தேர்வும் கையொப்பமும் கணக்கும் நம்மிடமே இருக்கட்டும். மிளகு விற்றவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு, வீட்டை வாடகைக்கு விடும் நமக்கும் பொருந்தும்.