சிட்டையில் நூலின் பெயரையும் எழுதுவோம்

ராஜபாளையத்தில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்துவரும் நாங்கள் பருத்தியோடு வளர்ந்தவர்கள். நூல் ஆலைகளும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும், தளவாய்புரம் நைட்டியும் பெயர் வாங்கிக் கொடுத்த பகுதி இது. சூரத் பாலியஸ்டரை வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தோம். இன்றோ சாட்டினும் ஆர்கன்சாவும் வந்த வேகத்தில் போகின்றன. எதற்கு என்று கேட்டால், பூ செய்வதற்கு என்கிறார்கள்!

துணியை இதழ் இதழாக நறுக்கி, மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் காட்டினால் ஓரம் சுருண்டு, பிரியும் நூலும் அடைபட்டுப் போகிறது. அடுக்கித் தைத்தால் ஜடைக்கும் ஜாக்கெட்டுக்கும் ரோஜா தயார். ஆண்டாள் மாலைக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் துணிப்பூவா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுவாமிக்கு நந்தவனப் பூதான். அதில் யாரும் கை வைக்கவில்லை. இது வீட்டிலிருக்கும் பெண்களுக்கு நாலு காசு தரும் தொழில்.

பாலியஸ்டர் சூட்டில் இளகும். ஆறியபின் அந்த வடிவத்திலேயே நிற்கும். சுமார் 250 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும். இந்தக் குணத்தை வைத்துத்தான் ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993-ல் 'பிளீட்ஸ் பிளீஸ்' உடைகளைக் கொண்டுவந்தார். அளவைவிடப் பெரிதாகத் தைத்து, காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தினார்கள். துவைத்தாலும் மடிப்பு போகவில்லை. நம் பருத்திச் சேலை மடிப்பு ஒரு துவைப்புக்குத் தாங்குமா?

இனி, எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். சென்ற ஆவணி முகூர்த்தத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சில்லறைக் கடை ஒன்றில் ஒரு பெண்மணி பதினைந்து மீட்டர் சாட்டின் வாங்கினார். சுடரில் காட்டியதும் துணி சுருளவில்லை, காகிதம்போல் பற்றிக்கொண்டது. விரல் கொப்புளித்தது, கல்யாண ஆர்டரும் கைவிட்டுப் போயிற்று. சரக்கு எங்களுடையது. பார்த்தால் விஸ்கோஸ்! எங்களுக்கு வந்த சிட்டையில் 'சாட்டின்' என்று மட்டும் இருந்தது; நாங்களும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டோம். சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயரல்ல. நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியாததல்ல. எழுதச் சோம்பல், அவ்வளவுதான். துணிக்காசைத் திருப்பிக் கொடுத்தோம். போன ஆர்டரை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பிரித்தறிவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஒவ்வொரு லாட்டிலும் பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாக நூல் உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பாலியஸ்டர் சுடரை விட்டுச் சுருங்கி, கரும்புகை விட்டு, கெட்டியான மணியாக உறையும். பருத்தியும் விஸ்கோஸும் காகித வாடையோடு எரிந்து சாம்பலாகும். மணி ஆறும்வரை கை வைக்க வேண்டாம். உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொள்ளும். இதை வாங்குகிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

'பாலியஸ்டர் என்று எழுதினால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள்' என்று நம் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். சேலைக்கு வாங்குகிறவர் கேட்கலாம். பூ செய்கிறவரோ பாலியஸ்டர்தான் வேண்டும் என்று தேடி வருகிறார். அவரிடம் எதற்கு மறைக்க வேண்டும்? கலப்பென்றால் கலப்பு என்றே எழுதுவோம். குமாஸ்தாவுக்குக் கூடுதலாக ஒரு சொல்தான் வேலை.

வரும் தை முதல் எங்கள் சிட்டையில் லாட் எண்ணோடு நூலின் பெயரும் இருக்கும். பெயர் இல்லாமல் வரும் சரக்கை நீங்கள் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். லாரி வாடகை எங்களைச் சேர்ந்தது.